அந்த மீன் விளையாட்டின் மேல் ஒரு தப்பும் இல்லை

கதிரு,

நீ ஓசூர் போன பிறகு போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் சாப்பிட்டாயா, ரூமில் தண்ணீர் வருகிறதா, இந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று கேட்டுவிட்டு உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனுஷன் என்று நம்மூர் பிள்ளைப்பாக்கமே சொல்லும். அப்படிப்பட்ட எனக்கு, சொல்லியே ஆகவேண்டிய ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ நடுவில் "சரி வுடுப்பா" என்று வைத்துவிட முடியாது. பாதியில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிடு.

ஒரகடத்தில் லேடீஸ் ஹாஸ்டல் தெருவில் நீ மொபைல் கடை போட்டபோது நான் எவ்வளவு குதித்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். டிப்ளமோ முடித்த பையன் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல், போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று மானம் போனதுபோலப் பேசினேன். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்றுகூடக் கேட்டேன். நீ பாட்டுக்குக் கடையைத் திறந்துகொண்டாய். கொஞ்ச நாளில், கண்ணாடி ஒட்டவும் ரீசார்ஜ் பண்ணவும் வருகிறவர்களைவிட, "தம்பி, எனக்கு எதுனா ஒரு கேம் போட்டுக் குடு" என்று வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதற்கு நீ காசு வாங்கவில்லை. காசு வாங்காத வேலையை இவ்வளவு மெனக்கெட்டுச் செய்கிறானே, இவன் பிழைக்க மாட்டான் என்று அதற்கும் நான் ஒரு பாட்டம் அழுதேன்.

ஆனால் ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் உன் கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கேம் கேட்டு வந்தவனிடம் நீ கேமைப் பற்றியே பேசவில்லை. எந்த ஷிஃப்ட், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா, நின்றுகொண்டா போகிறாய், தோற்றால் கோபம் வருமா, ரூமில் எத்தனை பேர் என்று டாக்டர் மாதிரி கேட்டாய். நின்றுகொண்டு போகிறவனுக்கு ஒரு கையால் ஆடுகிற விளையாட்டு. தமிழும் தெரியாமல் இங்கிலீஷும் தெரியாமல் முழித்த ஒரிசா பையனுக்கு எழுத்தே இல்லாத விளையாட்டு. குடோன் வாசலில் காவலிருக்கும் பெரியவருக்கு, ஒரு காயை நகர்த்திவிட்டு நிமிர்ந்து கேட்டைப் பார்த்துவிட்டு வந்தாலும் அப்படியே காத்திருக்கிற விளையாட்டு. புருஷன் ராத்திரி சி ஷிஃப்டும் பெண்டாட்டி காலை ஏ ஷிஃப்டுமாக ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் வாழ்ந்த அந்த ஜோடிக்கு, அவள் கிளம்பும்போது ஒரு தாயம் உருட்டி வைத்தால் இவன் வந்து அடுத்ததை உருட்டுகிற விளையாட்டு. துப்பாக்கி கேம்தான் வேண்டும் என்று நின்றவனை மட்டும் மேலும் கீழும் பார்த்து, ரூமில் சண்டை போடுகிற ஆளா என்று கேட்டுவிட்டு, கால்பந்து போட்டுக் கொடுத்தாய். நடுநடுவே காசு கட்டு என்று நச்சரிக்கிற கேமை யார் கேட்டாலும் ஏற்ற மாட்டாய். அன்றைக்கு பஸ்ஸில் போகும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. திட்டுவதையெல்லாம் உடனுக்குடன் சொன்னவன், இதை மட்டும் அப்புறம் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

எங்களையும் நீ விடவில்லை. உன் அம்மாவுக்குக் கடை அலமாரியில் சாமான் அடுக்குகிற கேம். நம் வீட்டு அலமாரியைத் திறந்தால் தலையில் டப்பா விழும், ஆனால் போனுக்குள் எல்லாம் வரிசையாக நிற்கும். நான் கார் ரேஸ் வேண்டும் என்று அடம்பிடித்தேன். "வேணாம்பா, நீ தோத்தா போன வீசிட்ருவ" என்று சொல்லி, சிக்னலுக்கு நின்று, ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள் ஏற்றி இறக்குகிற பஸ் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்தாய். என்னைக் கேலி பண்ணுகிறாய் என்று முறைத்தேன். பிறகு அதில்தான் மணிக்கணக்காகக் கிடந்தேன். எதிரில் நிற்கிறவர் யார் என்று பார்த்துக் கொடுக்கத் தெரிந்த உனக்கு, உன் அப்பன் யார் என்பதை மட்டும் கணிக்கத் தெரியாமல் போய்விட்டது.

இப்போது ஜெயராணி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெயரைப் பார்த்ததும் உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். போன வருஷம் ஒரு நாள் நீ கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சந்தோஷமாகச் சொன்னாய். எங்கள் கம்பெனியில் வேலை செய்கிற, நாங்குநேரிப் பக்கத்து அக்கா ஒருவர் கடைக்கு வந்தாராம். காருக்குள் போகிற வயர்க்கட்டுக்கு நாள் முழுக்க டேப் சுற்றிச் சுற்றி வலது கையில் விரல் மரத்துப்போகிறதாம். ஹாஸ்டலில் படுத்தால் கண்ணுக்குள் வயராக ஓடுகிறதாம், தூக்கம் வரவில்லையாம். போனைப் பிடிக்கவும் முடியவில்லை, ஆனால் மனசை எதிலாவது திருப்ப வேண்டும் என்று கேட்டாராம். நீ தேடித் தேடி ஒரு மீன் குளம் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாய். போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, இடது கையின் ஒரு விரலால் மெதுவாகத் தொட்டால் மீனுக்கு இரை விழும். நேரக் கணக்கு கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. "முந்தாநேத்து நல்லா தூங்கினாங்களாம்பா" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். நீ அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவே இல்லை. வீட்டுக்குள்கூடப் பெயர் சொல்லாமல்தான் பேசினாய். ஆனால் நான் பயிற்சி கொடுத்த பேட்சில் நாங்குநேரிக்காரி ஒருத்திதான். எனக்கு யார் என்று உடனே தெரிந்துவிட்டது.

எங்கள் கம்பெனியில் பிரேக் கொடுப்பது உனக்குத் தெரியும். காண்டிராக்ட் ஆட்களைத் தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரம் கேட்பார்கள் என்று, சில மாதத்துக்கு ஒரு தரம் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லி, அப்புறம் புது ஆள் மாதிரி போன் பண்ணிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. யாரைக் கூப்பிடுவது என்று முடிவெடுப்பதற்கு முன்னால் மேனேஜர் என்னை டீ குடிக்க அழைப்பார். கேன்டீன் பின்புறம் நின்று, யார் தாங்குவார்கள், யார் தாங்க மாட்டார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்பார். பயிற்சி கொடுத்தவன் என்பதால் எனக்கு அந்த மரியாதை. அந்த டீக்காக நான் காத்திருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற சீனியர்கள் பார்க்கும்படி மேனேஜரோடு நிற்பதில் எனக்கு அவ்வளவு ஆசை.

ஜெயராணியின் பேட்ச் பிரேக்கில் இருந்தபோது என்னை டீக்கு அழைத்தவர் புது மேனேஜர். சின்ன வயசு. என்னைப் பெரிதாக மதிக்கவில்லை. பயிற்சி கொடுத்த ஆட்களைப் பற்றி உங்களுக்கே சரியாகத் தெரியாதாமே என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். ஜெயராணி பெயர் வந்தபோது அவர், நல்ல வேகம், அந்தப் பெண்ணைக் கட்டாயம் எடுக்கலாம் என்றார். அப்போது நான் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். "இல்ல சார், அந்தப் பொண்ணுக்குக் கை மரத்துப் போவுது. வெளிய சொல்லாம வேலை செய்யுது. தாங்காது சார்" என்றேன். அவர் ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார். இதெல்லாம் எப்படி சார் தெரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். என் அனுபவம் சார் என்றேன். என் அனுபவமாம். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னதை என் அனுபவம் என்று விற்றேன்.

அந்தப் பெண்ணுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்று அப்புறம் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். பொய். அந்த நேரத்தில் அவள் கையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அந்தச் சின்னப் பையன் என்னை மதிக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்கிறேன். அவள் விரல் மரத்ததற்குக் காரணம் எங்கள் வேலை. டேப்பை இழுத்து இறுக்கிச் சுற்று, தளர்ந்தால் ரிஜெக்ட் ஆகும் என்று பேட்ச் பேட்சாகச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். எத்தனையோ பேர் கையை உதறிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பழகிவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போயிருக்கிறேன். அதற்கு ஒரு மேனேஜரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

அவளைக் கூப்பிடவில்லை. கூட இருந்தவர்களுக்கெல்லாம் போன் வந்தது, அவளுக்கு வரவில்லை. காண்டிராக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். கை சரியில்லையாமே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டான். கம்பெனியில் ஒரு ஆளிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. சொன்னது உன் கடையில் மட்டும். அவள் உன்னிடம் வந்து, யாரிடமாவது சொன்னீர்களா தம்பி என்று கேட்டதையும், நீ இல்லவே இல்லை அக்கா என்று சத்தியம் பண்ணியதையும், அவள் நம்பாமல் போனதையும் நீயே வந்து எங்களிடம் சொன்னாய். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. என் எதிரில் வந்து நின்றாய்.

"அப்பா, நான் வூட்ல பேசினத நீ கம்பெனில எதுனா சொன்னியா?"

நீ கேட்ட குரலில் சந்தேகம்கூட இல்லை. இல்லை என்று சொல்லிவிடுப்பா என்று கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. நான் இல்லை என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். நீ இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது தாங்காமல் மேலே பேசினேன்: "விரலு கெட்டுப்போனா லைன்ல தெரியாமலா பூடும்? நீ குடுத்த கேம ராவும் பகலும் நோண்டிகினு இருந்தா இருக்கிறதும் போவாம இன்னா ஆவும்?"

உன் முகம் மாறியது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, எதற்கு அவனைப் போய்ச் சொல்கிறீர்கள் என்று சத்தம் போட்டாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். ஒரு விரலால் எப்போதாவது தொடுகிற மீன் குளம் யாருடைய கையையும் கெடுக்காது என்று உனக்கே தெரியும். ஆனாலும் அப்பா சொன்னால் இருக்குமோ என்று ஒரு நினைப்பு, இருபத்தைந்து வயசிலும் உனக்குப் போகவில்லை. அந்த நினைப்பை வைத்துத்தான் நான் தப்பித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து உன் கடைக்கு யார் வந்து கேம் கேட்டாலும், எனக்கு அதெல்லாம் தெரியாது, நீங்களே பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தாய். காவல்காரப் பெரியவர் என்னிடமே வந்து, உன் பையனுக்கு என்ன ஆச்சு, முகம் கொடுத்தே பேசுவதில்லையே என்று கேட்டார். வியாபாரம் டல் என்று சமாளித்தேன். கொஞ்ச நாளில் நிஜமாகவே டல்லாகிவிட்டது. கடையைக் காலி பண்ணிவிட்டு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது, அம்மா அழுதாள். நான், இப்பவாவது புத்தி வந்ததே என்றேன். கதிரு, அந்த வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. கடை வேண்டாம், கம்பெனிக்குப் போ என்று நான் இத்தனை வருஷமாகக் கேட்டது நடந்துவிட்டது. நடந்த விதம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மேனேஜரிடம் போனேன். அந்தப் பெண்ணைப் பற்றி நான் சொன்னது தப்பு, கை மரத்துப்போவது எங்கள் டேப்பிங்கால்தான், அவளைத் திரும்ப எடுங்கள் என்றேன். அவருக்கு அவள் யார் என்றே நினைவில்லை. அந்த பேட்ச் எல்லாம் முடிந்துபோன கதை சார் என்றார். என்னை டீக்கும் கூப்பிடவில்லை. அப்புறம் பழைய பேட்ச் பெண் ஒருத்தியிடம் நம்பர் வாங்கி, ஜெயராணிக்கே போன் பண்ணினேன். இப்போது ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாளாம். நான் யார் என்று சொன்னதும் "நல்லாயிருக்கீங்களா சார்" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதையே என்னை என்னவோ செய்தது. எல்லாவற்றையும் சொன்னேன். உன் பேச்சு வந்தபோது, அவன் உன் பெயரைக்கூடச் சொல்லவில்லையம்மா, நான்தான் கண்டுபிடித்தேன், நான்தான் சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

 கடையில் யாரோ சேலை விலை கேட்பது எனக்குக் கேட்டது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "தம்பிதான் சொல்லிட்டாவன்னு அன்னைக்கே அந்த மீன அழிச்சிட்டேன் சார். இப்பம் நீங்க புள்ளையக் காப்பாத்துததுக்காக பழிய ஒங்க மேல போட்டுக்கிடுதீங்களோ?"

இல்லையம்மா, நிஜம் என்றேன். அவள் "சரி சார்" என்றாள். நம்பிய குரல் இல்லை அது. பெரியவர் ஒருவர் சங்கடப்படுகிறாரே என்று விட்டுக்கொடுத்த குரல். என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லி எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்ன ஒரு தரம், அதை நம்ப ஆளில்லை. அது எனக்குச் சரியான தண்டனைதான். ஆனால் தண்டனை என்னோடு நிற்கவில்லை. நாங்குநேரியில் ஒரு பெண் இன்னும் உன்னை நம்பிக்கைத் துரோகி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உனக்கு அறிவுரை சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் புத்தி, ஒன்றாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருத்தருக்கு எந்த விளையாட்டு சரிப்படும் என்று தெரிய வேண்டுமானால், அவருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிய வேண்டும். உன்னிடம் அதைச் சொன்னவர்களெல்லாம் உன்னை நம்பிச் சொன்னார்கள். அந்த வேலையை நீ மறுபடி செய்ய வேண்டும், ஓசூர் ரூமில் கூட இருக்கிற பையன்களுக்காவது. அவர்கள் சொல்வதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதே. பெயரில்லாமல்கூட வேண்டாம். நாளைக்குக் கல்யாணமானால் பெண்டாட்டியிடமும் வேண்டாம், என்னிடம் ஒருபோதும் வேண்டாம். நீ செய்த தப்பு என்று ஏதாவது இருந்தால், அப்பன்தானே என்று என் முன்னால் மனசைத் திறந்து பேசியது ஒன்றுதான். அதைத் தப்பு என்று சொல்லும்போது எனக்கு எழுத வரவில்லை.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் போடுகிறாள். அவள் பேசாமலிருப்பது நியாயம்தான். நீயும் பேச வேண்டாம். ஆனால் உனக்கு அடுத்து லீவு எப்போது என்று அம்மாவிடம் சொல். திருநெல்வேலி வண்டிக்கு நான் டிக்கெட் போடுகிறேன். வழியெல்லாம் நீ என்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டாம், வேறு பெட்டியில்கூட உட்கார்ந்துகொள். அந்த ஜவுளிக்கடை வாசலில் மட்டும் என் பக்கத்தில் வந்து நில். நானாகச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். அன்றைக்கு வீட்டில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாயே, அதை அவள் எதிரில் மறுபடி கேள்.

இந்தத் தரம் ஆமாம் என்று சொல்கிறேன்.

அப்பா